பள்ளிக்கூடம் போகாத பேத்திக்காகக் கோர்ட்டுக்குப் போனோம்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நடந்தது இது. லண்டனில் வால்தம்ஸ்டோ சந்தைத் தெருவுக்குப் பின்பக்கம் ஒரு வீட்டில் அப்போது குடியிருந்தோம். குளிர்காலம், ஆனால் அந்த வருடம் பனி கொட்டவில்லை. எனக்கு எழுத வாசிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்லப் பக்கத்து வீட்டுப் பிள்ளை எழுதுகிறாள். நான் வேறு கதைக்குப் போனால் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்க்கிறாள், அதனால் முடிந்தவரை நேராகச் சொல்லிவிடுகிறேன்.

அந்த வீட்டில் நான், மகள், மருமகன், அவர்களின் ஒரே பெண். மேல் அறையில் எங்கள் ஊர்ப் பக்கத்துப் பையன்கள் இரண்டு பேர் வாடகைக்கு. மகள் விடியுமுன் எழும்பி ஆபிஸ்கள் துப்புரவு செய்யப் போவாள். மருமகன் பெற்றோல் ஸ்டேஷனில் இரவு ஷிப்ட். ஊரில் அவர் கணக்கு வாத்தியார். இங்கிலிஷ் புத்தகம் வாசிப்பார், ஆனால் இங்கே ஆட்கள் பாதிச் சொல்லை விழுங்கிவிட்டு மீதியைப் பேசுகிறார்கள், அது அவருக்குப் பிடிபடவில்லை. இலங்கையில் சண்டைக்குத் தப்பி வந்த எங்கள் எல்லோருக்குமே அகதிக் கேஸ் ஹோம் ஆபிஸில் கிடந்தது. இருக்கச் சொல்வார்களா, திருப்பி அனுப்புவார்களா, ஒருவருக்கும் தெரியாது. தபால்காரன் வந்தாலே எல்லோரும் வாசலுக்கு ஓடுவோம்.

பேத்திக்கு அப்போது பன்னிரண்டு வயது. இங்கிலிஷ் அவளுக்கு எப்படி வந்தது என்று கேட்காதீர்கள், தண்ணீர் குடித்த மாதிரி வந்துவிட்டது. முதலில் டெலிபோன் எடுத்துப் பேசினாள். பிறகு காஸ்காரனோடு பேசினாள். என் கண்ணில் பூ விழுந்தபோது ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். மேல் அறைப் பையன்களை லோயரிடம் கூட்டிப்போனாள். பிறகு தெரு முழுவதும் தெரிந்துவிட்டது. நகரசபை மாதிரியான கவுன்சில், உதவிப்பணம் தரும் பெனிபிட் ஆபிஸ், பல் டாக்டர், பிள்ளைத்தாய்ச்சிகளின் கிளினிக், எல்லாவற்றுக்கும் அவள்தான். எங்கள் ஊரில் வக்கீலை அப்புக்காத்து என்போம். "அப்புக்காத்தம்மா நிக்கிறாவோ?" என்று கேட்டுக்கொண்டே ஆட்கள் கதவைத் தட்டுவார்கள். வரும்போது ரோல்ஸ், மாம்பழச் சாறு, நல்ல பேனா என்று ஏதாவது கொண்டுவருவார்கள். எனக்கு உச்சி குளிர்ந்துபோகும். என் பேத்தி வெள்ளைக்கார டாக்டருக்கு முன்னால் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து பேசுவதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

இதெல்லாம் பள்ளிக்கூட நேரத்தில் நடந்தது என்பதை நாங்கள் யாரும் பெரிதாக நினைக்கவில்லை. ஆபிஸ்கள் திறக்கும் நேரத்தில்தானே பள்ளிக்கூடமும் திறக்கிறது. வந்து கேட்கிற ஒவ்வொருவரும் ஒரு நாள்தான் கேட்டார்கள். ஒருவர் கேட்டது மற்றவருக்குத் தெரியாது. எங்களுக்குத் தெரியும், ஆனால் சேர்த்துப் பார்க்கவில்லை. கெட்டிக்காரப் பிள்ளை, ஒரு நாள் விட்டால் மறுநாள் பிடித்துவிடுவாள் என்றுதான் நினைத்தோம். அந்தரப்பட்டு வந்து நிற்கிற ஆளுக்கு முகத்தில் அடித்தாற்போல் இல்லை என்று சொல்ல எங்கள் ஆட்களுக்கு வராது.

ஒருநாள் பள்ளிக்கூடத்தின் சார்பில் ஒரு பெண் வந்தாள். நீளமான கோட்டு, சிவப்புக் கம்பளிச் சால்வை. பிள்ளைகள் வராவிட்டால் வீட்டுக்கு வந்து விசாரிக்கிறது அவளுடைய வேலை. அது அப்போது எனக்குத் தெரியாது. செற்றி சோபாவில் உட்கார்ந்து நெடுநேரம் பேசினாள். கையை இப்படியும் அப்படியும் ஆட்டிப் பேசினாள். பேத்தி பக்கத்தில் உட்கார்ந்து கேட்டாள். நான் வடை வைத்தேன். வடையில் செத்தல் மிளகாய் கொஞ்சம் கூடிவிட்டது, பாவம், இருமி இருமிக் கண்ணில் தண்ணீர் வந்தும் முழுவதையும் சாப்பிட்டாள். அதிலேயே எனக்கு அவளைப் பிடித்துவிட்டது.

அவள் போனபிறகு மகள் கேட்டாள், "என்னவாம் பிள்ளை?"

"சும்மா. நான் எப்பிடிப் படிக்கிறன் எண்டு பாக்க வந்தவவாம்."

"அதுக்கோ இவ்வளவு நேரம் கதைச்சவ?" என்றேன் நான்.

"இங்கிலிஷிலை எல்லாம் நீளம் அம்மம்மா."

எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது. அந்தப் பெண் பிறகும் வந்தாள். பேத்தி பிறகும் அதையே சொன்னாள்.

கொஞ்ச நாளில் கோர்ட்டிலிருந்து அழைப்பு வந்தது. பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது கையெழுத்து வைத்தவள் மகள் என்பதால் அவள் பேருக்கு. பேத்தி வாசித்தாள். வாசித்துவிட்டு மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"அம்மாவைக் கோட்டுக்கு வரட்டாம்."

"ஏனாம்?"

"நான் பள்ளிக்கூடம் ஒழுங்காப் போகேல்லையாம். அதுக்கு அம்மாதான் பொறுப்பாம்."

மருமகன் அப்போதுதான் நித்திரையால் எழும்பி வந்திருந்தார். பனியனோடு நின்றபடியே கத்தினார். "ஷெல் விழேக்கையும் பிள்ளையளைக் கூட்டிக்கொண்டுபோய்ச் சோதினை எழுத வைச்சனான் மாமி. என்னைப் பாத்தோ பிள்ளையைப் படிப்பிக்கேல்லை எண்டு சொல்லுறாங்கள்? முன்னுக்கு ஒரு வார்த்தை வந்து சொல்லியிருக்கலாந்தானே. ஒண்டுமே சொல்லாமல் நேரை கோட்டுக்கு இழுக்கிறதோ?"

பேத்தி படியை விட்டு எழும்பவில்லை. சப்பாத்துக் கயிற்றை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தாள்.

மேல் அறைப் பையன்கள் தங்களுக்குத் தெரிந்த கதையைச் சொன்னார்கள். "அக்கா, இஞ்சை பிள்ளையைக் கவுன்சில் எடுத்து வேறை ஆக்களின்ரை வீட்டிலை விட்டிடுவாங்கள்" என்றான் ஒருவன். "கோட்டுக் கேஸ் எண்டா ஹோம் ஆபிஸுக்கும் போகும். திருப்பி அனுப்ப ஒரு சாட்டுக் கிடைச்ச மாதிரி" என்றான் மற்றவன். நல்ல பையன்கள்தான், ஆனால் வாயில் நல்லது வராது. அன்றிலிருந்து மகள் சாப்பாட்டைக் கையால் பிசைந்துகொண்டு இருப்பாள், வாய்க்குப் போகாது. இரவில் பேத்தியின் கட்டிலிலேயே போய்ப் படுத்தாள், யாரோ வந்து தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்பது மாதிரி.

கோர்ட்டு நாள் வந்தது. மருமகன் ஷிப்ட் முடித்து நேராக வந்துவிடுவதாகச் சொன்னார். நான், மகள், பேத்தி மூன்று பேரும் பஸ் ஏறிப் போனோம். பேத்தி பள்ளிக்கூட உடுப்போடு வந்தாள். அப்படி வந்தால் நல்ல பிள்ளை என்று நினைப்பார்கள் என்று மகள்தான் போடச் சொன்னாள்.

வெளியே வாங்குப் பலகையில் காத்திருந்தபோது ஒரு வயதான அம்மா எங்களிடம் வந்தாள். எங்கள் நிறம்தான், கொண்டை, குளிர்க் கோட்டுக்குக் கீழே சேலைக்கரை தெரிந்தது. சிரித்துக்கொண்டே ஏதோ சொன்னாள். சிங்களம். மகளுடைய கை என் கையை இறுக்கிப் பிடித்தது. அவள் கடைசியாக அந்தப் பாஷையைக் கேட்டது ஆமிக்காரர் பஸ்ஸை மறித்து எல்லோரையும் இறக்கியபோது. லண்டன் கோர்ட்டில் அது எப்படி வந்தது என்று அவளுக்கு முகம் வெளுத்துவிட்டது.

எனக்கு மட்டும் கொஞ்சம் விளங்கியது. என் வீட்டுக்காரர் அந்தக் காலத்தில் தெற்கே ஒரு சிங்கள ஊரில் சுருட்டுக்கடை வைத்திருந்தார். கல்யாணம் முடித்துச் சில வருடம் நானும் அங்கேதான் இருந்தேன். ஒரு கலவரத்தில் கடையை விட்டுவிட்டு ஓடிவந்தோம், அதை இன்னொரு நாள் சொல்கிறேன். எனக்குத் தெரிந்தது கடைச் சிங்களம்: வெற்றிலை, பாக்கு, இன்றைக்கு, நாளைக்கு, பிள்ளைக்குச் சுகமா, அந்த அளவுதான். "அப்பி தெமள" என்றேன், நாங்கள் தமிழ் என்று. அந்த அம்மா "அனே", ஐயோ, என்று நெற்றியில் கையை வைத்தாள். இலங்கை என்று எழுதியிருந்ததைப் பார்த்து மொழிபெயர்க்க இவளை அனுப்பிவிட்டார்கள். பிழை அவளுடையது இல்லை. அதற்குப் பிறகும் போகாமல் எங்களோடு உட்கார்ந்து, என்னுடைய பிள்ளைகள் எத்தனை பேர் என்று விசாரித்துக்கொண்டிருந்தாள். என் சிங்களத்தைக் கேட்டு இரண்டு தரம் சிரித்தாள். நானும் சிரித்தேன். மகள் என்னை முறைத்தாள்.

உள்ளே கூப்பிட்டார்கள். படத்தில் பார்க்கிற மாதிரி தலையில் வெள்ளை மயிர்த் தொப்பி ஒன்றும் இல்லை. பள்ளிக்கூட மண்டபம் மாதிரி ஒரு அறை. உயரமான மேசையில் மூன்று பேர். நடுவில் கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்ட ஒரு அம்மா, இரண்டு பக்கமும் இரண்டு ஆண்கள். அவர்கள் சம்பளக்காரர் இல்லை, அந்தப் பகுதியிலேயே வேறு வேறு வேலை பார்த்துக்கொண்டு இப்படி நாள் ஒதுக்கி வந்து வழக்குக் கேட்கிறவர்கள் என்று பிறகுதான் தெரிந்தது. சிவப்புச் சால்வைப் பெண்ணும் அங்கே இருந்தாள். எங்களைக் கண்டு தலையாட்டினாள். நானும் ஆட்டினேன்.

சிங்கள அம்மா எழும்பி, இவர்களுடைய மொழி எனக்குத் தெரியாது என்று நேர்மையாகச் சொல்லிவிட்டாள். மூன்று பேரும் தலையைச் சேர்த்துக் குசுகுசுத்தார்கள். அப்போது மகள் ஒரு வேலை செய்தாள். யோசித்துச் செய்ததில்லை, பழக்கம். பின்னால் இருந்த பேத்தியைப் பார்த்துக் கையால் "வா" என்று காட்டினாள். எந்த ஆபிஸில் எந்த வெள்ளைக்காரர் வாய் திறந்தாலும் நாங்கள் செய்வது அதுதானே. பேத்தியும் எழும்பிப் போய் அம்மாவுக்குப் பக்கத்தில் நிமிர்ந்து நின்றுவிட்டாள்.

பேரையும் விலாசத்தையும் மட்டும் கேட்டுச் சொல் என்றார்கள். சொன்னாள். மற்றதெல்லாம் பேத்தி பிறகு எனக்குச் சொன்னது. நடுவில் இருந்த அம்மா கண்ணாடியைப் போட்டு அவளைப் பார்த்து, "நீ ஏன் இன்றைக்குப் பள்ளிக்கூடத்தில் இல்லை?" என்று கேட்டாளாம்.

"இன்றைக்கு அம்மாவுக்குக் கோர்ட்டு."

"போன செவ்வாய்க்கிழமை?"

"மேல் அறை அண்ணாவுக்குப் பல் பிடுங்கினது."

"அதை உன் அம்மாவிடம் கேட்டுச் சொல்."

பேத்தி திரும்பித் தமிழில் கேட்டாள். மகள் திகைத்தாள். "செவ்வாய்க்கிழமையோ? செவ்வாய்க்கிழமை எங்கையடி போனனீ?"

பேத்திக்கு இதை எப்படி மொழிபெயர்ப்பது என்று தெரியவில்லை. அங்கே இருந்தவர்களுக்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவும் இல்லை. ஓரத்தில் இருந்த ஆண் வாயைக் கையால் மூடிக்கொண்டார்.

பிறகு சிவப்புச் சால்வைப் பெண் எழும்பினாள். அமைதியாகத்தான் பேசினாள். பேத்தி அதையும் தமிழில் சொல்லத் தொடங்கினாள். "பிள்ளை நல்லாப் படிக்கக்கூடியவ எண்டு சொல்லுறா... நெடுக வராதபடியால் பிந்திப்போறாவாம்... வீட்டை வந்து..." அங்கே நின்றுவிட்டாள். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம். அவள் நினைத்திருந்தால் அந்த இடத்தைத் தாண்டியிருக்கலாம். அந்த அறையில் தமிழ் தெரிந்தவர்கள் நாங்கள் மட்டும்தான், எங்களுக்கு இங்கிலிஷ் தெரியாது.

"அம்மா," என்றாள், சின்னக் குரலில். "இவ வீட்டை வந்து, நான் பள்ளிக்கூடம் வராட்டிக் கோட்டுக்கு வரவேண்டிவரும் எண்டு உங்களுக்குச் சொன்னவ. வரேக்கையெல்லாம் சொன்னவ. நான்தான் உங்களுக்குச் சொல்லேல்லை."

சொல்லிவிட்டு, மேசைப் பக்கம் திரும்பி இங்கிலிஷிலும் அதையே சொன்னாள். அம்மாவுக்கு ஒன்றும் தெரியாது, அம்மாவை ஒன்றும் செய்யாதீர்கள் என்று. அதுவரை டாக்டர்களோடும் லோயர்களோடும் பெரிய மனுசி மாதிரிப் பேசின பிள்ளை, அங்கே தேம்பித் தேம்பி அழுதாள். சிங்கள அம்மா பையைத் திறந்து ஒரு கைக்குட்டையை நீட்டினாள்.

நடுவில் இருந்த அம்மா கையை உயர்த்தினாள். போதும், தாயின் வழக்கில் பிள்ளையைப் பேசவைப்பது சரியில்லை, இனி நீ ஒரு சொல்லும் மொழிபெயர்க்கக் கூடாது என்று சொல்லி அவளை இருக்கவைத்தாள். மூன்று பேரும் எழும்பி உள்ளே போனார்கள்.

அவர்கள் வரும்வரை இருந்த நேரத்தை நான் எதிரிக்கும் நினைக்கமாட்டேன். மகள் அழவில்லை, பேத்தியை ஏசவும் இல்லை. அவளைத் தன்னோடு சேர்த்து அணைத்துக்கொண்டு கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அம்மா, கேட்டா நான் குடுக்கமாட்டன்" என்று மட்டும் என்னிடம் சொன்னாள்.

திரும்பி வந்தார்கள். அந்த அம்மா பேசினாள். நல்ல நீளமாகப் பேசினாள். பேத்தியைப் பேசக்கூடாது என்று சொல்லியிருந்ததால், அவள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு இருந்தாள், ஆனால் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. அது நல்லதுக்கா கெட்டதுக்கா என்று எங்களுக்குத் தெரியவில்லை. மகள் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள்.

அப்போது சிங்கள அம்மா எழும்பி ஏதோ அனுமதி கேட்டாள். இந்தப் பாட்டிக்கு என் மொழி கொஞ்சம் தெரியும், தீர்ப்பை மட்டுமாவது நான் அவளுக்குச் சொல்லலாமா, தாய் பயத்தில் இருக்கிறாள் என்று கேட்டாளாம். மேசையில் இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துவிட்டுச் சரி என்றார்கள். எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். கோர்ட்டில் நான் எழும்பி நின்றேன். பள்ளிக்கூடப் படி மிதிக்காத நான்.

அவள் என் முகத்தைப் பார்த்து, குழந்தைக்குச் சொல்வது மாதிரி ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள். முதலில் சொன்னது, "அம்மே, பய வென்ன எப்பா." பயப்பட வேண்டாம் அம்மா என்று அர்த்தம். கலவரத்தில் எங்களைத் தன் வீட்டில் ஒளித்துவைத்த பக்கத்துக் கடைக்காரி சொன்னதும் அதே சொல்தான். பிறகு பிள்ளை, பள்ளிக்கூடத்துக்கு அவர்கள் சொல்கிற இஸ்கோல, இன்றைக்கு, போக. பிறகு வழக்கு, இன்னொரு நாள், தெமள ஆள். பிறகு பிள்ளையை யாரும் கொண்டுபோகவில்லை என்று, எனக்கு விளங்கும்வரை இரண்டு மூன்று விதமாகச் சொன்னாள்.

நான் மகளிடம் திரும்பினேன். "பயப்பிடாதை. பிள்ளையை ஒருத்தரும் எடுக்கேல்லையாம். கேஸைப் பிறகு வைச்சிருக்கினமாம், தமிழ் தெரிஞ்ச ஆளோடை. பிள்ளை பள்ளிக்கூடம் போகட்டாம். இண்டைக்கே போகட்டாம்."

"இண்டைக்கேயோ?"

"ஓம். இப்பவே."

மகள் அப்படியே கதிரையில் சாய்ந்து, வாயைத் திறந்து பெரிதாக மூச்சு விட்டாள். வாரக்கணக்காக அடக்கிவைத்த மூச்சு. பிறகுதான் அழுதாள்.

சிவப்புச் சால்வைப் பெண் தன் காரிலேயே பேத்தியைப் பள்ளிக்கூடம் கூட்டிக்கொண்டு போனாள். நாங்கள் வாசலில் நின்றபோது மருமகன் பெற்றோல் ஸ்டேஷன் உடுப்போடு மூச்சு வாங்க ஓடிவந்தார். பஸ் பிந்திவிட்டதாம். எங்களைப் பார்த்தார், பேத்தியைக் காணவில்லை என்று சுற்றிப் பார்த்தார். முகம் செத்துப்போனது.

"பிள்ளை எங்கை மாமி?"

"பள்ளிக்கூடம் போட்டுது தம்பி."

அவருக்கு அது விளங்கச் சற்று நேரம் பிடித்தது. விளங்கியதும் கோர்ட்டுப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

அடுத்த தவணைக்குத் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வந்தார். மகள் தன் வாயாலேயே எல்லாம் சொன்னாள். தண்டனை ஒன்றும் போடவில்லை. சொன்ன காலத்துக்குள் திரும்பவும் பள்ளிக்கூடத்தைத் தவறவிட்டால்தான் தண்டனை என்று விட்டுவிட்டார்கள். ஆஸ்பத்திரியில் முன்கூட்டிக் கேட்டால் மொழிபெயர்க்க ஆள் வைப்பார்கள் என்று சிவப்புச் சால்வைப் பெண் சொன்னபோது நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். கேட்கலாம் என்பதே எங்களுக்குத் தெரியாது. மகளுக்கு ஒரு இங்கிலிஷ் வகுப்பையும் அவளே பிடித்துக் கொடுத்தாள்.

பேத்தியைக் கேட்க வந்தவர்களை மருமகன் வாசலிலேயே மறித்தார். "அக்கா, பிள்ளை பள்ளிக்கூடம் விட்டு வந்தபிறகு வாங்கோ." சிலருக்குக் கோபம். "அப்புக்காத்துக்குப் பெருமை வந்திட்டுது" என்று சந்தையில் நின்று சொன்னார்கள். சொல்லட்டும் என்று விட்டுவிட்டேன். வெண்டிக்காய் வாங்கினேன், வந்தேன்.

மகள் பேத்தியை ஒரே ஒரு தரம்தான் கேட்டாள், தலை இழுத்துப் பின்னிவிடும்போது. "ஏனடி எனக்குச் சொல்லேல்லை?"

"சொன்னா நீங்கள் அழுவியள் எண்டு." ரிப்பனை எடுத்து நீட்டிக்கொண்டே, "எல்லாரும் என்னைத் தேடி வாறது எனக்கு விருப்பமாயும் இருந்தது அம்மா" என்றாள்.

மகள் பின்னலை முடித்து ரிப்பன் கட்டி, முதுகில் ஒரு தட்டுத் தட்டினாள். அவ்வளவுதான். ஹோம் ஆபிஸிலிருந்து பிறகு நல்ல பதில்தான் வந்தது. கோர்ட்டுக் கதையை அங்கே யாரும் கேட்கவே இல்லை.

இன்றைக்கும் ஆஸ்பத்திரியில் பள்ளிக்கூட நேரத்தில் எங்கள் ஆட்களுக்குப் பக்கத்தில் ஒரு பிள்ளை உட்கார்ந்து டாக்டரோடு பேசக் காத்திருந்தால், என் வாய் சும்மா இராது, போய்க் கேட்டுவிடுவேன். பிள்ளை எவ்வளவு கெட்டிக்காரியானாலும் பிள்ளைதான் என்பது எங்களுக்கு இரண்டு பாஷை தாண்டி வந்துதான் விளங்கியது. நேரத்தோடு விளங்கியதே என்று நினைக்கும்போதெல்லாம் மகள் அன்று கதிரையில் சாய்ந்து விட்ட மூச்சு எனக்கும் ஒரு தரம் வந்துபோகிறது.